பெருவிரலில் ஒரு கறுப்பு

இரும்பு கேட்டுக்குக் கறுப்படித்துவிட்டு வந்த பெயிண்டரின் கால் பெருவிரலை மனைவி பெயிண்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை.

"எரியுதாங்க?"

"ஒண்ணுமே தெரியலடி. சுவருன்னு நினைச்சுத் தேய்க்கிறியா? கூலி கிடையாது!"

சர்க்கரை நோய்க்காரர் கால் ஆயிற்றே என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பெயிண்ட்தான்," என்று திருப்பி அனுப்பினார். மறுவாரமும் அதே பேச்சு. பிறகு விரலின் அழுகல் மேலே ஏறி, காலை வெட்டி எடுத்தும் ஆள் பிழைக்கவில்லை.

அவள் வழக்குப் போட்டாள். தோற்ற ஆஸ்பத்திரியிடம் நஷ்டஈட்டோடு இன்னொன்றும் கேட்டு வாங்கினாள்: சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று சர்க்கரை நோயுள்ள நாத்தனாரோடு அங்கே போனாள். நர்ஸ் குனிந்து நாத்தனாரின் விரலிடுக்கெல்லாம் அழுத்திப் பார்த்தாள்.

"ஐயோ, கூசுதும்மா!"

"கூசட்டும் அண்ணி, கூசினா நல்லதுதான்," என்று இவள் சிரித்தாள்.

வீட்டு வாசற்படியில் அவர் சிந்திய கறுப்புப் பெயிண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது.