கை எங்க வீட்டுக் கை

ஆனி மாதத்திலிருந்து என் வலது கையைக் காந்திமதிநாதன் அசைக்கிறார். அவருடைய வலது கையை நான் அசைக்கிறேன். மூளையிலிருந்து இறங்கும் நரம்பு பிடரியில் பக்கம் மாறுகிற இடத்தில் எங்கள் இருவருடையதும் கலந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். காந்திமதிநாதன் ஓய்வுபெற்ற டிராபிக் போலீஸ். வீடு அடுத்த தெரு.

அதில் எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் இடியாப்பத்தைப் பற்றித்தான்.

இருபது வருடமாக நாற்பது வீடுகளுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுப்பவள் நான். விடிந்ததும் அச்சைத் திருக நினைப்பேன். என் கை மடியில் கிடக்கும். அங்கே அவர் கை திருகும். இதைக் கவனித்த அவர் மனைவி கோமு, மாவு அடைத்த அச்சை அவர் முன்னால் வைக்க ஆரம்பித்தாள். பத்தே நாளில் நாற்பது வீடும் அவளிடம் போய்விட்டன. நல்ல மெல்லிசாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னார்கள்.

நேரே போய்க் கேட்டேன்.

“பிழியறது நான், கோமு.”

“இருக்கட்டும்க்கா. கை எங்க வீட்டுக் கைதான?”

காந்திமதிநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கம் புரட்ட நினைத்திருப்பார். வாசலில் நின்ற என் கை காற்றைப் புரட்டியது. 

மறுநாளிலிருந்து அச்சை நினைப்பதையே நிறுத்தினேன். லேசான காரியமில்லை. விடியும் நேரத்தில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். பதிலுக்கு அவர், நான் கடைக்குப் போகும்போது என் கையைத் தூக்கி ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தினார். கால் மணி நேரம் இறக்கவில்லை. டிரைவர் என்னைத்தான் ஏசினான்.

ஆறாம் நாள் கோமு வந்தாள். “பாதி வீடு ஒங்களுக்கு, பாதி எனக்கு.”

“மொதல்ல கை என் அடுப்படிக்கு வரட்டும்” என்றேன்.

வந்தது. காந்திமதிநாதன் இப்போது என் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவர் கையால் நான் பிழிகிறேன். என் கையால் அவர் பக்கம் புரட்டுகிறார். பாதி இடியாப்பத்தைக் கோமு தூக்குச்சட்டியில் கொண்டுபோகிறாள். ஐந்தரைக்கு வரச் சொன்னால் மனுஷன் ஆறேகாலுக்குத்தான் வருகிறார். பிழிந்து முடிக்கும் வரை தினமும் திட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பின்தெரு டியூஷன் டீச்சர் ஹெலன் வந்தார். நான் திட்டுவது டீச்சர் வாயிலும் வருகிறதாம். பிள்ளைகள் அழுகிறார்களாம். வகுப்பு நடக்கும் ஏழரையிலிருந்து எட்டரை வரை மட்டும் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நியாயமாகத்தான் பட்டது. மணி ஏழு இருபத்திரண்டு. காந்திமதிநாதன் முக்காலியில் இருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏழரைக்குள் நானும் ஹெலன் டீச்சரும் சொல்லி முடித்தோம்.