பதில் சொல்லும் பாதி

தண்ணீர்க் கிண்ணத்தையும் பஞ்சையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் அறைக்குள் ஒரு கால் வைத்தார். இன்னொரு கால் வைக்க இடமில்லை. கட்டிலைச் சுற்றி மாதா சபைப் பெண்கள் முழங்காலிட்டிருந்தார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்காகக் கோயிலிலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. அருள் நிறைந்த மரியே என்று ஒரு குரல் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் மொத்தமாகப் பதில் சொன்னார்கள்.

"வாய நனைக்கணும்" என்று கிசுகிசுத்தார்.

ஒருத்தி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். அது கைமாறிக் கைமாறிக் கட்டிலருகே போய்ச் சேர்ந்தது. மச்சினி பஞ்சை நனைத்து அக்காவின் உதட்டில் ஒற்றினாள். காலையிலிருந்து தன் மனைவிக்கு அவர் செய்ய நினைத்த ஒரே காரியம் அது. அதையும் வேறொருத்தி செய்து முடித்துவிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களைக் கதவைப் பிரித்து வெளியே எடுப்பது அவர் வேலை. அவர் மனைவியைத் தெரியாதவர்களே கிடையாது. மாலைக்காரம்மா. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போனாள் என்றால் அடக்கம் முடிகிறவரை அந்த வீட்டில் அவள் குரல்தான். அழுகிறவர்களும் அவள் எடுத்துக்கொடுத்தால் அழுகையை நிறுத்திப் பதில் சொல்வார்கள். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இப்போது ஆளுக்கு ஆள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட்டி வந்த அன்றிலிருந்து அவருக்கு அவளோடு ஒரு நிமிஷம் தனியாகக் கிடைக்கவில்லை. ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான் போல என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்தவர்கள் நல்லவர்கள். அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. கெட்டவர்களாக இருந்தால் ஒரு சத்தம் போட்டு அனுப்பிவிடலாம்.

அவருக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கல்யாணமான புதிதிலேயே கேட்டதுதான். "தினம் தினம் அப்படி என்னத்தக் கேக்குற?" என்பார். அவள் உள்ளங்கையைக் காட்டிப் பொறு என்பாள். மாலை முடிந்ததும், சொன்னால் பலிக்காது என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். குழந்தைக்காகத்தான் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள், அவரும் அப்படியே நினைத்தார். அந்த வயது தாண்டிய பிறகும் மாலை நிற்கவில்லை. அப்புறம் எதற்காக? அவர் பாதி கேலியாகவும் பாதி கோபமாகவும் கேட்டுக்கொண்டே வந்தார். அவளும் சொல்லாமலே வந்தாள். கூட வாழ்ந்த மனுஷி நாள் தவறாமல் ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அது என்னவென்று புருஷனுக்குத் தெரியாது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு ஜெபமாலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அறைக்குள் ஒரு தர்க்கம் கிளம்பியது. இயேசு பாடுபட்டதைத் தியானிக்கிற துயர மறைபொருள் சொல்வோம், ஆள் இருக்கிற நிலைக்கு அதுதான் பொருத்தம் என்றாள் மச்சினி. இன்றைக்குத் திங்கள்கிழமை, மகிழ்ச்சி மறைபொருள்தான் முறை, மாலைக்காரம்மா இதிலெல்லாம் எவ்வளவு கறார் என்று உங்களுக்குத் தெரியாதா என்றாள் ரிட்டையரான நர்ஸம்மா. சாகக் கிடக்கிறவள் முன்னால் என்ன மகிழ்ச்சி என்று இன்னொருத்தி மெல்லச் சொன்னாள். மாலைக்காரம்மா பெயரை வைத்தே அவள் தலைக்கு மேல் வாதம் நடந்தது. கடைசியில் நர்ஸம்மா ஜெயித்தாள்.

அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். பதில் சொல்லும்போது வயதானவர்கள் 'மரண நேரத்திலும்' என்று பழைய வாசகத்தைச் சொன்னார்கள், இளையவர்கள் 'இறப்பின் வேளையிலும்' என்றார்கள். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அந்த ஓர் இடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஆமென் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு ஒன்று சேர்ந்தது. இரண்டு கதவும் சேர்ந்து மூடாத லிஃப்ட்டைப் பார்த்தால் வருமே, அந்த அரிப்பு அவருக்குக் கையில் வந்தது. பத்து மணிகள் கொண்ட ஒரு சுற்றைப் பொறுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று. மூன்றாவதில் அவர் குரல் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"போதும்."

மரியே என்ற சொல் பாதியில் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருங்க. நான் அவகூடப் பேசணும்."

"அத்தான், மாலைய நடுவுல நிறுத்தக் கூடாது" என்றாள் மச்சினி.

"தெரியும். வெளிய இருங்க."

மச்சினியின் முகம் சிவந்துவிட்டது. நர்ஸம்மாதான் அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். முழங்கால்கள் சொடுக்க, புடவைகளும் கவுன்களும் சரசரக்க, ஒருத்தர் பின் ஒருத்தராக வெளியே போனார்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியாகப் போனவள் கதவை வேண்டுமென்றே முழுசாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே யாரோ கார் கழுவும் சத்தம் வந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் கை வீங்கி, விரல்கள் மினுமினுவென்று இருந்தன. மாலை அந்த விரல்களுக்குள்ளேதான் கிடந்தது. கட்டைவிரல் ஒரு மணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா" என்றார். "நான்தான்."

அவள் இமை லேசாக அசைந்தது.

பேச வேண்டும் என்று இத்தனை பேரை வெளியேற்றியாகிவிட்டது. மாத்திரை வேளை கேட்பது மாதிரி கேட்டார்.

"அப்படி என்னதான்மா கேட்ட? இப்பவாவது சொல்லேன்."

அவள் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதை வாயருகே கொண்டுபோனார். மூச்சில் மருந்து வாடை அடித்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, உடைந்த துண்டுகளாக, அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள். நிறைந்த. மரியே. திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசி பெற்றவரே என்பது வரை எப்படியோ வந்து சேர்ந்தாள். பிறகு நின்றாள்.

அவரும் காத்திருந்தார். அடுத்த மூச்சில் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் சொல்லவில்லை. கட்டைவிரல் மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. புருவம் மெல்லச் சுருங்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தன் பாதியைச் சொல்லி முடித்துவிட்டாள். பதிலுக்காக நிற்கிறாள். பதில் சொல்லுகிறவர்களை அவர் வெளியே அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவள் தனியாகச் சொல்லும்போது இரண்டு பாதியையும் அவளேதான் சொல்லிக்கொள்வாள். அவர் பக்கத்து அறையில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது, மழைச் சத்தம் விழுவது மாதிரி. மழையில் வார்த்தை ஏது?

"தூய மரியாயே" என்று ஆரம்பித்தார். அது பழையதா புதியதா என்று தெரியவில்லை. "சர்வேசுரன்... இறைவனின் தாயே..." அடுத்தது என்ன? பாவிகள் வரும். எங்கே வரும்? "இப்பொழுதும் எங்கள்..." என்று தாவினார். அவள் புருவம் இன்னும் இறுகியது. தலை தலையணையில் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைந்தது. தப்பு என்கிறாளா, வலிக்கிறதா?

"இரு, இரு. சொல்றேன். பாவிகளுக்காக..."

வரவில்லை. அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். பெண்கள் கூடத்தில் சுவரோரமாக நின்றிருந்தார்கள், லிஃப்ட் வராமல் காத்து நிற்கிறவர்கள் மாதிரி.

"வாங்க" என்றார். அது போதவில்லை. "சீக்கிரம் வாங்க. அவ பாதியில நிக்குறா."

மச்சினி அவர் முகத்தைப் பார்த்தாள். உடனே உள்ளே ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள். பதில் சேர்ந்து எழும்பியது, பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. அவருக்கு மறுபடி வாசல் நிலைதான் கிடைத்தது. தோள்களுக்கும் தலைகளுக்கும் இடையில் அவள் முகத்தில் ஒரு துண்டு தெரிந்தது. புருவம் தளர்ந்து சமமானது தெரிந்தது. அடுத்த மணிக்கும் அதற்கடுத்ததற்கும் அவர்களே எடுத்துக்கொடுத்து அவர்களே பதில் சொன்னார்கள். அந்தப் பத்து முடிவதற்குள் நர்ஸம்மா முழங்காலிலிருந்து எழுந்து மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு கழுத்தைத் தொட்டாள். யாரையும் நிறுத்தச் சொல்லாமல் பத்து முடிகிறவரை பொறுத்திருந்து, திரும்பி, வாசலில் நின்ற அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சவப்பெட்டிக்குச் சொல்லவும் ஃபாதரைப் பார்க்கவும் போய்விட்டு அவர் திரும்பியபோது அவளைக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். கூப்பிய கைகளில் வெள்ளை வெளேரென்று ஒரு புது ஜெபமாலை. மணிகள் முத்து மாதிரி பளபளத்தன.

"அவ மாலை எங்க?" என்று கேட்டார்.

மச்சினி விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். ஏதோ திருத்தலத்துக்குப் போனவர்கள் மந்திரித்துக் கொண்டுவந்த மாலை இது, வருகிறவர்கள் பார்ப்பார்கள், பழையது அழுக்கும் கம்பியுமாக இருக்கிறது என்று சுற்றி வளைத்தாள். கம்பி என்றது அவருக்குச் சுருக்கென்றது. அந்த மாலை அறுந்தபோதெல்லாம் வேலைக்குக் கொண்டுபோய், கேபிளிலிருந்து மெல்லிய செம்புக் கம்பியை உருவிக் கட்டிக் கொடுத்தது அவர்தான். ஒரு மணி தொலைந்தபோது அந்த இடத்தில் ஒரு சின்னப் பித்தளை வளையத்தைக் கோத்தார். மந்திரிக்காததை மாலையில் சேர்த்துவிட்டீர்களே என்று மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானே கோயிலுக்குக் கொண்டுபோய் அந்த வளையத்தை ஃபாதரிடம் மந்திரித்து வாங்கி வந்தாள்.

"எங்கன்னு கேட்டேன்."

"என் பையில இருக்கு. அக்கா ஞாபகமா நான் வச்சுக்கிறேனே, அத்தான். நீங்க அத வச்சு என்ன பண்ணப் போறீங்க? சொல்லவா போறீங்க?"

"நான் சொல்லமாட்டேன். அவ கையில இருக்கட்டும்."

மச்சினி அழுதாள். அழுதுகொண்டே பையைத் திறந்து, மாலையைச் சுருட்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "நீங்களே மாத்துங்க" என்றாள்.

அவர் கட்டிலருகே போனார். வெள்ளை மாலையை உருவப் பார்த்தார். விரல்கள் இறுகிவிட்டிருந்தன. சுண்டுவிரலைத் தூக்கினார், அது தூக்கிய இடத்தில் நிற்காமல் திரும்பிப் போனது. எவ்வளவு அழுத்தினால் எது திறக்கும் என்று அவர் கைகளுக்குத் தெரியும். இதுவும் திறக்கும். கூடக் கொஞ்சம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கூடம் முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பழைய மாலையைச் சட்டைப் பையில் போட்டார்.

கல்லறையில் அதைக் குழிக்குள் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஃபாதர் ஜெபித்து முடித்ததும் ஆளாளுக்குக் கைப்பிடி மண் போட நெருக்கினார்கள். யாரோ அவர் கையிலும் மண்ணைத் திணித்தார்கள். மண்ணைப் போட்டுவிட்டுப் பைக்குள் கை விடுவதற்குள் பின்னாலிருந்தவர்கள் அவரைப் பக்குவமாகத் தோளைப் பிடித்து ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். அவர் மறுபடி முன்னால் போக முயன்றார். துக்கம் தாங்காமல் போகிறார் என்று நினைத்து இரண்டு பேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீடு காலியானது. மச்சினி கடைசியாகக் கிளம்பினாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, கட்டில் விரிப்பைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். எதையும் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மாலையை எடுத்து நீட்டினார்.

"வச்சுக்க. நீ சொல்லுவ."

அவள் அதை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுக் கைக்குள் மூடிக்கொண்டாள். இன்றைக்கு ராத்திரியே தொடங்கிவிடுகிறேன் என்றாள். பிறகு, எந்த வேண்டுதலுக்காக மாலை சொல்வது என்று வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"என்ன கருத்துக்காகச் சொல்லட்டும், அத்தான்?"

அவர் அவளையே பார்த்தார். கோபம் குபுக்கென்று வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அவகிட்டயே கேளு" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

கோயில் நாற்காலிகளுக்கு வேன் வந்து கீழே நின்றது. நானே இறக்குகிறேன் என்று மேலிருந்து சொல்லிவிட்டு, அவர் அறையிலும் கூடத்திலும் சிதறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று இறக்கி வாசலருகே அடுக்கினார். ஒன்றின் கால் கோணலாக இருந்தது. அதை மட்டும் கொஞ்ச நேரம் வளைத்து நிமிர்த்திப் பார்த்தார், நிமிரவில்லை. அப்படியே அடுக்கினார். எல்லாம் அடுக்கி முடித்தபின் கூடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உட்கார ஒன்றும் மிச்சமில்லை. மேலே இருந்த நாற்காலியைத் திரும்ப உருவி எடுத்து, ஜன்னல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

கீழே வேன்காரர் ஹாரனை ஒரு தடவை அடித்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அடித்தார்.