மஞ்சள் தண்ணீர் குடிக்காத சட்டை

கடைக்காரர் வாய் என்ன சொன்னாலும் சரி, முத்துச்செல்விக்குத் தன் இஸ்திரிப் பெட்டி சொல்வதுதான் வேதம். மாப்பிள்ளையூரணியில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள் அவள். கணவன் சுடலைக்கண்ணன் வாங்கி வந்த சிவப்புப் பட்டில் சட்டை தைத்து முடித்துப் பெட்டியை வைத்தாள். ஓரம் சுருங்கிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் அம்மன் கோயில் கொடை விழா. சுடலைக்கண்ணன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தீச்சட்டி எடுக்கவேண்டும். போன வருஷம் அவள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது அவன் நேர்ந்துகொண்டது.

வெட்டுத்துண்டிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இதுவோ பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, கறுத்த உருண்டையாக இறுகிப்போனது. தீப்பொறி பட்டுக் கையில் இப்படி ஒட்டினால் தோலோடுதான் வரும். அந்த உருண்டையை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

சுடலைக்கண்ணன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அசல் பட்டு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம்.

"அப்படியே போலியா இருந்தாலும் அம்மன் காலடியில வச்சு வாங்கின துணி ஏளா. இனி மாத்தப்படாது."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. தன்னைப் பிழைக்கவைத்த தாய்க்கு நன்றி சொல்லப்போய் இவன் வெந்து வரவா?

சட்டி எடுக்குமுன் மஞ்சள் தண்ணீரில் நனைவது வழக்கம். அது நினைவுக்கு வந்ததும், சட்டையையும் வீட்டிலிருந்த சிவப்புப் பருத்தித் துணியையும் முற்றத்தில் விரித்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். பருத்தி தாகத்தில் கிடந்ததுபோல் குடித்துக் கனத்தது. சட்டையில் விழுந்தது வழிந்து தரைக்கு ஓடியது.

"ஏங்க, அம்மனோட மஞ்சத்தண்ணியவே உள்ள விடமாட்டேங்குது. இதுவா உங்கள நெருப்புலருந்து காக்கும்?"

அவன் குனிந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப காலடியில வச்சத என்ன செய்யது?" என்றான் கடைசியில்.

நெருப்புக்கு எட்டாமல் கோயில் வாசலில் தோரணமாகக் கட்டலாம் என்றாள். அது அவனுக்கும் சம்மதமாயிருந்தது. பருத்தித் துணியை அவனே கோயிலுக்குக் கொண்டுபோய்க் காலடியில் வைத்து வாங்கிவந்தான். அவள் ஒரே மூச்சில் தைத்தாள்.

கொடையன்று மாலை கடற்காற்று வழக்கத்தைவிட வலுத்தது. காற்றில் பாதி உலர்ந்துவிட்ட சட்டையோடு சட்டியை ஏந்தி வந்தவன் கையில் ஒரு தீப்பொறி பறந்து உட்கார்ந்ததை முத்துச்செல்வி பார்த்தாள். அவன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். சட்டைக்கையில் மிளகு அளவு ஓட்டை. ஓரத்தை ஊதினாள், சாம்பல் பறந்தது. அடியில் தோல் பழுதில்லாமல் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். அவன் தடுத்தான்.

"தைக்காத ஏளா, கெடக்கட்டும். நாளைக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் பட்டுன்னு சத்தியம் பண்ணின அந்தக் கடைக்குப் போகப்போறேன்."