சாத்தாத கதவு

"டீச்சர், கணக்கு மட்டும் ஏன் எப்பவும் முதல் பீரியட்லயே வருது?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, முதல் பீரியட் முடிந்து வெளியே வந்த கணக்கு டீச்சரிடம், வராந்தாவில் நின்றிருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி அது.

"காலையிலதான் மூளை வேலை செய்யும். உனக்குத்தான் ஒன்பதரைக்கு விடியுதே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தினமும் இருபத்தைந்து நிமிஷம் பிந்தி வருகிற அந்தப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் லேட்டு. ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் டீச்சர் கதவைச் சாத்திவிடுவாள். அதற்கப்புறம் வருகிறவர்கள் பீரியட் முடியும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். ஏன் லேட் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் காரணம் சொல்வார்கள்.

அந்த வருஷம் லேட்டு கணக்கில் பதினொரு மார்க் வாங்கினாள். அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை.

பள்ளியின் கால அட்டவணை போடுகிறவளும் கணக்கு டீச்சர்தான். மூளை, விடியல் எல்லாம் பிறருக்குச் சொல்கிற காரணம். காலையிலேயே பாடத்தை முடித்துவிட்டால், மதியம் நிம்மதியாக நோட்டுத் திருத்திவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விடுகிற வகுப்புகளை அவள் பெருந்தன்மையோடு மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தாள்.

இந்த வருஷம் தலைமையாசிரியை எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். நாற்பது நிமிஷப் பீரியட் எட்டு வேண்டாம். எண்பது நிமிஷத்தில் நாலு போதும். இன்றைக்கு நாலு பாடம், நாளைக்கு மற்ற நாலு.

"நாப்பது நிமிஷம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. சோதனைக் குழாயைக் கழுவறதுக்குள்ள மணி அடிக்குது" என்றார் அவர்.

பத்து நாள் அட்டையில் வண்ணச் சீட்டுகளை நகர்த்தி நகர்த்தி, கணக்கு டீச்சர் புதிய அட்டவணையை முடித்தாள். கணக்குச் சீட்டு மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிரதி எடுக்கப் பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

இயந்திரத்தின் அருகே நின்றவள் லேட்டு. வளர்ந்திருந்தாள். விரல் நுனிகளில் மை.

"எத்தனை காப்பி டீச்சர்?"

"முப்பத்திரெண்டு."

மூடியைத் தூக்கியவள் தாளை வைக்காமல் படித்தாள். "இப்பவும் கணக்குதான் முதல்லயா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். எண்பது நிமிஷம். நிறுத்தி நிதானமா நடத்தலாம்."

"மணி அடிச்சா கதவு சாத்தறது?"

"அது மாறுமா?"

லேட்டு தாளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் கால் மணி நேரம்தான் வெளிய நின்னேன் டீச்சர். இப்ப உங்க கிளாஸ்ல இருக்கற என் தங்கச்சி ஐம்பத்தஞ்சு நிமிஷம் நிக்கணும்."

ஒன்பது இருபத்தைந்திலிருந்து பத்து இருபது வரை. டீச்சர் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. இத்தனை நாள் அட்டையோடு உட்கார்ந்தும் இந்த ஒரு கணக்கை அவள் போடவில்லை.

"தங்கச்சி ஏன் லேட்டு?" கேட்டபிறகுதான் அது எவ்வளவு சின்னக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"அம்மாவுக்கு ராத்திரி ஷிஃப்ட். வீட்டுக்கு வர ஒன்பது பத்து ஆயிடும். அப்பாவுக்குக் கை கால் வராது, தனியா விட முடியாது. அப்ப நான் பார்த்துக்கிட்டேன். இப்ப நான் எட்டுக்குக் கடை திறக்கணும், அவ பார்க்கறா." சற்று நிறுத்தினாள். "'எனக்குக் கணக்கு வராதுக்கா, நானும் கடைக்கே வந்துடறேன்'னு நேத்து ஆரம்பிச்சிட்டா. எனக்கும் வராதுன்னுதான் நினைச்சேன். இங்க பெரிய படத்தைச் சின்னத் தாள்ல அடக்க எத்தனை சதவீதம்னு மனசுலயே போடறேன். முதலாளி கால்குலேட்டரைத் தேடறதுக்குள்ள காப்பி வந்துடும்."

டீச்சர் கையை நீட்டினாள். "தாளைக் கொடு."

"கோபமா டீச்சர்?"

"காப்பி வேண்டாம். இது இன்னும் முடியல."

மறுநாள் ஆசிரியர் அறையில் அட்டை மறுபடி மேசைக்கு வந்தது. எந்தப் பாடமும் முதலிடத்தில் குடியிருக்கக் கூடாது. சுழற்சியில் எட்டும் மாறி மாறி வரட்டும் என்றாள் டீச்சர். கணக்கு பல நாள் மதியத்துக்குப் போனது.

ஓவிய மாஸ்டர் நாற்காலியிலேயே நிமிர்ந்தார். "காலங்காத்தால எனக்குக் கோடே நேரா வராதும்மா. அதோட உங்க லேட்டுங்க இனிமே என் பாடத்தையும் கொஞ்சம் தின்னுமே?"

"ஆளுக்குக் கொஞ்சம் சார். ஒரே தட்டுல கை வைக்காம இருக்கட்டும்."

"மத்தியானம் பசங்க தூங்குவாங்க, தெரியுமில்ல?"

"நீங்க இத்தனை வருஷம் எழுப்பினீங்களே. எப்படின்னு சொல்லிக் கொடுங்க."

தலைமையாசிரியை சிரித்துவிட்டு ஒப்பமிட்டார். ஆனால் கதவு விஷயத்தைப் பேச டீச்சருக்கு நா எழவில்லை. மற்றவர்களைக் கதவு சாத்தப் பழக்கியதே அவள்தான்.

சுழற்சியில் கணக்கு முதலாவதாக வந்த நாள். ஒன்பது மணி அடித்தது. டீச்சரின் கை தானாகக் கதவுக்குப் போனது, பிடியைத் தொட்டது, திரும்பி வந்து சாக்பீசை எடுத்துக்கொண்டது. வராந்தாவின் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. நடந்து போகிற ஒவ்வொருவருக்கும் முப்பது தலைகள் திரும்பின. மூன்று தடவை மேசையைத் தட்டினாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஒரு நிழல் வந்து, பழக்கத்தில் வெளிச்சுவர் ஓரமாக நின்றது.

"குட்டி லேட்டு" என்று யாரோ ஒருவன் கிசுகிசுத்தான்.

"வாயை மூடு," என்றாள் டீச்சர். "நீ உள்ள வாம்மா. இன்னும் ஐம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நாலாவது கணக்குல நிக்கறோம்."

சிறுமி திறந்திருந்த கதவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் தன் பெஞ்சுக்குப் போனாள்.

அப்போதுதான் டீச்சர் கவனித்தாள். வாசலில், கடையில் பிரதி எடுத்த தேர்வுத் தாள் கட்டை மார்போடு அணைத்தபடி லேட்டு நின்றிருந்தாள். 'உனக்குத்தான் ஒன்பதரைக்கு விடியுதே' என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது. கரும்பலகையை மறைக்காமல் ஒதுங்கி வழி விட்டாள்.

லேட்டு உள்ளே வந்து கட்டை மேசைமேல் வைத்தாள். பாதியில் நின்ற நாலாவது கணக்கைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. விடை கிடைத்திருக்க வேண்டும். தலையை லேசாக ஆட்டிக்கொண்டாள். தங்கை நோட்டைத் திறக்கும்வரை நின்றாள். பிறகு வராந்தாவில் நடந்து போனாள்.