சகலையின் தண்ணீர் கார்டு

என் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், தொட்டதெல்லாம் துலங்கும் ஆள். கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவர் தொழில். நான் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவர் வீடியோ பார்த்தே உதிரி பாகம் வாங்கி ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டிவிட்டார் என்றதும் என் மனைவி, "மாமாவுக்குத் தெரியாததே இல்லைங்க" என்றாள். அதுவும் என்னிடமே! வயிறு எரிந்தது. ஒருமுறையாவது அவள் வாயால் எனக்கு அப்படி ஒரு சொல் வராதா என்று ஏங்குகிறவன் நான். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள், சூட்டைத் தணிக்க நீலத் தண்ணீர் ஓடும் குழாய்கள். குறை ஏதும் கிடைக்காதா என்று பேன் பார்ப்பதுபோல் தேடினேன். கிடைத்தது. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஓடும் செம்புக் கட்டியைப் பூட்டியிருந்தார். கனம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அடியில் முட்டு எதுவும் கொடுக்கவில்லை. கார்டின் வெளிமுனை ஒரு விரல் அளவு கீழே தொங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சகலை, நாளைக்குக் காலைல இதைப் புது ஆபீசுக்குக் கொண்டுபோறேன். சாயங்காலம் பெரிய பார்ட்டி வர்றாங்க, இதுலதான் வீட்டைக் காட்டணும். இந்த வேலை கிடைச்சாத்தான் ஆபீசே நடக்கும். கார்ல நிக்க வெக்கவா, படுக்க வெக்கவா?"

படுக்கத்தான் வைக்க வேண்டும். பெட்டி படுத்தால் கார்டு நேராக நிற்கும், கனம் அது சொருகியிருக்கும் போர்டில் இறங்கும். பெட்டி நின்றால் அத்தனை கனமும் ஒரு சின்ன இணைப்பில் தொங்கி, குழிக்குக் குழி ஆடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"மாமாவே கேக்கறாரு. தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள் மனைவி.

தெரிஞ்சாவாம்!

"நிமிர்த்தியே வெச்சுக்குங்க. படுத்தா தண்ணி ஒழுகிடும்" என்றேன். கூசாமல் வந்தது பொய்.

மறுநாள் மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே கடைக்கு வந்தார். திரையில் எதுவுமே வரவில்லையாம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியும் அங்கேதான் இருந்தாள். திறந்து பார்த்தேன். கார்டு சொருகும் இடத்தை ஒட்டி முடிபோல ஒரு விரிசல்.

"கார்டு போயிடுச்சு சகலை. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்து, "இவர் சொன்ன மாதிரிதானே கொண்டுபோனீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான் அவசரத்துல ஒரு குழியில எறக்கிட்டேன். இவரை ஒண்ணும் சொல்லாதே. இவர் பேச்சைக் கேட்டதாலதான் தண்ணியாவது ஒழுகாம மத்ததெல்லாம் தப்பிச்சுது."

அவள் முகம் மலர்ந்தது. "இந்த வேலைல இவரை மிஞ்ச ஆளே கிடையாது மாமா. மொதல்லயே இவர் கையில குடுத்திருக்கணும் நீங்க."

குனிந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன்.

"கனமா இருக்கும், பாத்து" என்று சகலை எழுந்து வந்து, கார்டுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.