மூன்றாம் நாள் பிடுங்கிய கல்

மனைவி செல்லக்கிளியின் கருமாதிக் கல்லைக் குளத்தில் போட்டுவிட்டுக் கமலக்கண்ணன் நாகல் நகருக்குத் திரும்பியபோது, அந்தக் கல் அவருக்கு முன்பே வந்து கூடத்தின் நடுவில் ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தது. இட்லி அளவுதான். பதினாறு நாள் நட்டுவைத்து, சோறும் தண்ணீரும் வைத்து, அழுது தீர்த்த பிறகு எடுக்க வேண்டிய கல் அது. இவர் மூன்றாம் நாளே பிடுங்கிவிட்டார். “சட்டுப்புட்டுனு முடிங்கப்பா, வெங்காய மண்டி அடைச்சுக் கெடக்கு” என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

மறுநாள் நத்தம் புளியந்தோப்பில் வீசிவிட்டு வந்தார். கல் மத்தியான பஸ்ஸில் திரும்பியது. பெண்கள் சீட்டில் உட்கார்ந்து வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். இப்போது தேங்காய் அளவு. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் போட்டார். பூசணி அளவில் வந்தது. வாஸ்துக்காரர் ஒருவர் தெற்கு வாசலை அடைத்துக் கிழக்கே வைக்கச் சொன்னார். வைத்தார். கல்லுக்கு வந்துபோக வசதியாகிவிட்டது. செல்போனில் பேசும் ஒரு மகான் ‘கல் இல்லை’ என்று நூறு தடவை சொல்லச் சொன்னார். நூறையும் சொல்லிவிட்டு எழுந்தவர், அதிலேயே இடித்துக் கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அது ஆட்டுக்கல் அளவானது. கல் தந்த வலி கொஞ்சம். அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த வலிதான் ஊர்ப்பட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கடைசியில் வீட்டை விற்றுவிட்டு ஓடுவது என்று முடிவு செய்தார் அந்தச் சூரர்.

விலை பேசுவதற்குள் கொழுந்தியாள் பாண்டிச்செல்வி வந்தாள். கல்லைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. அதன் முன்னால் இலை போட்டுச் சோறு வைத்தாள்.

“பதினாறு நாள் இருக்க வேண்டியவள மூணே நாள்ல தொரத்துனா எங்க போவா மச்சான்? இருந்துட்டுப் போறா, விடுங்க. ஒங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்காம இருக்க நீங்க என்ன கல்லா?”

மண்டியில் அத்தனை பேரை அதட்டும் மனிதர் அன்று மூக்கொழுக அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை என்றார்கள் எதிர்வீட்டார். பதினாறு நாளும் அழுதார். அதன்பின் கல் இட்லி அளவுக்குச் சுருங்கிவிட்டதாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. பொய். எள்ளளவும் குறையவில்லை, வளர்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். அவர் சுற்றிப் போகப் பழகிவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது கல்லைத் தொட்டு, “போயிட்டு வாரேன்” என்கிறார். செல்லக்கிளி உயிரோடு இருந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவளிடம் அதைச் சொன்னதில்லை.