அசையாமல் எட்டு நிமிடம்

செல்லம்மாளுக்கு அந்த மெஷின் மேல் அத்தனை நம்பிக்கை. ஏழு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத மகள் மேகலாவை அது பேச வைத்துவிடும் என்று நினைத்தாள். அப்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அப்படியில்லை என்று யாரும் அழுத்திச் சொல்லவுமில்லை.

மயூர் விஹாரில் அவள் பாத்திரம் தேய்க்கும் வீட்டுப் பெண் சுபாஷிணிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலை. குழந்தைகளின் மூளையைப் படம் பிடித்து, அதில் எந்த இடம் எந்த இடத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது, வளர வளர அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்களாம். பேச்சு வராத குழந்தைகள் தேவைப்பட்டார்கள். மூன்று பக்கச் சம்மதத் தாளைச் சுபாஷிணி பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் படித்துக் காட்டினாள். செல்லம்மாள் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். எட்டு நிமிடம் அசையக் கூடாது.

கைநாட்டு வைத்துவிட்டு வந்தவள் மறுநாளே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். குடிசையில், மெஷின் பொந்து மாதிரி இருக்கட்டும் என்று கட்டிலுக்கு அடியில் மகளைப் படுக்க வைத்து, அதன் தடதடச் சத்தம் பழகட்டும் என்று குண்டானைக் கரண்டியால் தட்டினாள். குழந்தை பயந்து, "ம்ம்மா" என்று முனகும். அவளிடம் இருந்த ஒரே சத்தம் அதுதான்.

"வாயத் தொறந்தா படம் கெட்டுப் போயிடும்டி, கண்ணு!"

சொல்லிக் கேட்காதபோது தொடையில் கிள்ளினாள். ஒரு மாதத்தில் மேகலா கட்டை மாதிரிப் படுக்கக் கற்றுக்கொண்டாள். முனகலும் நின்றுவிட்டது. பெற்றவளுக்கு அதில் பெருமை வேறு, பாவம்.

படம் எடுத்த அன்று சுபாஷிணிக்கு வாயெல்லாம் பல். "பில்குல் அசையவே இல்ல செல்லம்மா! இது வரைக்கும் எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட்!"

"எப்பம்மா பேசுவா?"

சுபாஷிணியின் சிரிப்பு நின்றது. "தேக்கோ, இங்க பாரு... இது ட்ரீட்மென்ட் இல்ல. படம் மட்டும்தான். அன்னிக்கே சொன்னேனே? இதெல்லாம் பின்னாடி வர்ற குழந்தைங்களுக்கு..."

"இன்னொரு வாட்டி படுக்க வெக்கட்டுமா? அரை மணி நேரம்கூடப் படுப்பாம்மா."

சுபாஷிணி பஸ் காசை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் செல்லம்மாள் மகள் முன்னால் குந்தினாள். இருந்த ஒரே சத்தத்தையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கத்துடி. இப்பக் கத்தலாம். அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

மேகலா ஆடாமல் நின்றாள். பஸ் வந்து, நின்று, போயிற்று. செல்லம்மாள் ஏறவில்லை. அழுதாவது அந்தச் சத்தம் வராதா என்று பிள்ளையின் தொடையைப் பிடித்து, சதை கன்றும்படி கிள்ளினாள். மேகலாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாய் திறக்கவில்லை.